பார்ட் டைம் வேலையில் மீதி ஃபீஸைக் கட்டிவிடலாம் என்கிறார்கள், நம்பலாமா?

மஞ்சக்குப்பத்தான்
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம். மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், வயது 24. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் கிடைத்திருக்கிறது. ஒரு வருடப் படிப்பு, 2026 ஜனவரி இன்டேக், லண்டன் இல்லை, மிட்லேண்ட்ஸ் பக்கம். ஃபீஸ் 16,500 பவுண்டு.

புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சி மூலமாகத்தான் எல்லாம் நடக்கிறது. அவர் போட்டுக் கொடுத்த கணக்கு இது: பாதி ஃபீஸைப் போவதற்கு முன் கட்டிவிட வேண்டும், மீதி 8,250 பவுண்டை மூன்று தவணையாக அங்கே வேலை செய்து கட்டிக்கொள்ளலாம். வாரம் 20 மணி நேரம் முறைப்படி, அதற்கு மேல் "நம்ம ஆளுங்க கடையில்" கையில் காசு, எப்படியும் மாதம் 2,000 பவுண்டு நிற்கும் என்கிறார். செலவுக்கு பேங்கில் காட்ட வேண்டிய பணத்தையும் ஒருவரிடம் சொல்லி ஒரு மாதத்துக்குப் போட்டு வைக்கலாமாம்.

பண்ருட்டி பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருக்கிறது, அதை வைத்து லோன் எடுக்கலாம் என்று நினைத்தால் பேங்கில் முடியாது என்கிறார்கள். அப்பா விற்றுவிடலாம் என்கிறார், எனக்கு மனசு வரவில்லை. போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் டெபாசிட் கட்டச் சொல்லி நெருக்குகிறார்கள்.

ஈஸ்ட்ஹாம் கடலூரான்
தம்பி, நான் திருப்பாதிரிப்புலியூர். அதே ஸ்டூடன்ட் விசாவில் வந்து படித்து முடித்து இப்போது லண்டனில் வேலையில் இருக்கிறேன். அந்த 2,000 பவுண்டை முதலில் மறந்துவிடு.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பார்ட் டைம் வேலை எல்லாம் அந்தக் கூலியில்தான், அல்லது அதைவிட அரை பவுண்டு, ஒரு பவுண்டு கூட. வாரம் 20 மணி என்றால் 244 பவுண்டு, மாதத்துக்குப் போட்டால் ஆயிரத்து ஐம்பது சொச்சம். இந்தத் தொகைக்கு வருமான வரி அநேகமாக இருக்காது, வருடம் 12,570 பவுண்டு வரை வரி இல்லை. சரி, ஆயிரத்து ஐம்பது வந்தது. அதில் ரூமுக்கு 500, அதுவும் நாலு பேர் ஒரு பாத்ரூமைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில். சாப்பாடு நீயே சமைத்தாலும் 150, பஸ் 60, 70, போன், குளிர்காலத்தில் ஹீட்டர் பில், ஒரு நல்ல ஜாக்கெட், ஷூ. மிச்சம் 200 பவுண்டு நின்றால் பெரிய விஷயம்.

இதுவும் வாரா வாரம் 20 மணி ஷிஃப்ட் கிடைத்தால்தான். பெரும்பாலும் ஜீரோ அவர்ஸ் கான்ட்ராக்ட், அதாவது உனக்கு இத்தனை மணி நேரம் தருகிறோம் என்று அவர்கள் எதையும் உறுதி சொல்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேர்ஹவுஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நீ வந்து இறங்கும் ஜனவரியில் அதே வேர்ஹவுஸில் இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். முதல் வேலை கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆவது இங்கே சாதாரணம். முதல் தவணை அதற்கு முன்பே வந்து நிற்கும்.

தவணை கட்டவில்லை என்றால் பல்கலைக்கழகம் உன் ஸ்பான்சர்ஷிப்பை ரத்து செய்யலாம். செய்தால் ஹோம் ஆபீஸ், அதாவது இங்கத்து உள்துறை, விசாவைச் சுருக்கிவிடும், பொதுவாக 60 நாள் கெடு. கன்சல்டன்ட் இதைச் சொன்னாரா?

நெல்லிக்குப்பம் எக்ஸ்பிரஸ்
பயமுறுத்தாதீர்கள் சார். என் கூடப் படித்தவன் மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள், எல்லோரும் வாரம் 35, 40 மணி நேரம் செய்கிறார்கள். முறைப்படி 20, மீதி கையில். ஒருத்தன் டெலிவரி அக்கவுன்ட் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான், நல்ல காசு. ஊரில் வீட்டுக்கு மாடி எடுத்தாகிவிட்டது. எல்லோரும் ரூல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் நடுத்தர வீட்டுப் பிள்ளை எவன் வெளிநாடு போவது?

ஈஸ்ட்ஹாம் கடலூரான்
நெல்லிக்குப்பம் நண்பரே, மாடி எடுத்தவனை ஊருக்கே தெரியும். திருப்பி அனுப்பப்பட்டவன் ஊருக்கு வந்து போர்டு மாட்டிக்கொள்வதில்லை, அதனால் அவன் கதை நம் காதுக்கு வராது.

டெலிவரி விஷயம் மட்டும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் வருகிற பையன்கள் முதலில் விழுவது அங்கேதான். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. ஆப் வழி டெலிவரி பொதுவாகச் சுயதொழில் கணக்கில்தான் வரும், எனவே ஒரு மணி நேரம் ஓட்டினாலும் விதிமீறல். இதில் 20 மணி என்ற பேச்சே கிடையாது. அடுத்தவன் அக்கவுன்ட்டை வாடகைக்கு எடுத்தால் காசு அவன் கணக்குக்குப் போய், அவன் மனசு வைத்தால் உனக்கு வரும்.

20 மணி நேரத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு. ஒரு வாரம் 10 மணி செய்து அடுத்த வாரம் 30 செய்து சராசரி 20 என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். சம்பளம் இல்லாமல் ஓர் இடத்தில் வேலை செய்தால் அதுவும் கணக்கில் சேரும். முதலாளி உன் சம்பள விவரத்தை வரித்துறைக்கு அனுப்புகிறார், அங்கிருந்து ஹோம் ஆபீஸ் பார்க்க வழி இருக்கிறது. தகுதி இல்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு 2024 பிப்ரவரியில் இருந்து முதல் தடவையே தலைக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். இவ்வளவு ஆபத்தை ஒரு கடைக்காரர் சும்மா தலையில் போட்டுக்கொள்வாரா? அதற்கு விலையாகத்தான் உனக்கு மணிக்கு 6, 7 பவுண்டு கொடுக்கிறார். மீறுகிற பையன் வாயைத் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம் "ஒரு மாதத்துக்குப் பணம் போட்டு வைப்பது". லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு, அதாவது 10,224 பவுண்டு, தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது 2025 ஜனவரியில் வந்த விதி. வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டு 29-ஆம் நாள் எடுத்துவிடும் தொழில் நம் பக்கம் நன்றாக நடக்கிறது என்று தெரியும். விசாவுக்கு ஏமாற்று ஆவணம் கொடுத்ததாக முடிவு செய்தால் 10 வருடம் தடை. அது மாட்டாமல் போனாலும், அந்த 10,224 உன்னிடம் உண்மையில் இல்லை என்பதுதான் நிஜம். வந்து இறங்கி எதைச் சாப்பிடுவாய்?

பழைய பேங்க்காரர்
நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், ஒரு பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவன், கல்விக் கடன் பிரிவில் பல காலம் இருந்தேன். முந்திரித் தோப்பு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பேங்க் உங்களை வேண்டுமென்றே அலைக்கழிக்கவில்லை தம்பி. கடன் வராமல் போனால் கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தை எடுக்க பேங்குகளுக்கு சர்ஃபேசி சட்டம் இருக்கிறது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் பெரும்பாலான பேங்குகள் கல்விக் கடனுக்கு நஞ்சை, புஞ்சை, தோப்பு எதையும் பிணையாக எடுப்பதில்லை. வீடோ, அங்கீகாரம் பெற்ற மனையோ, பிக்சட் டெபாசிட்டோ இருந்தால் பேசலாம். பொதுத்துறை பேங்குகளின் வழக்கமான திட்டத்தில் 7.5 லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேல் பிணை கேட்பார்கள். தரவரிசையில் மேலே உள்ள சில கல்லூரிகளுக்குத் தனித் திட்டங்கள் உண்டு, உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டல் வழியாக விண்ணப்பித்தால் கிளையில் "பிறகு வாருங்கள்" என்று சொல்லித் தட்டிக் கழிப்பது கொஞ்சம் குறையும்.

இப்போது கணக்கு. 25 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலம் ஒரு வருடம், அதன் பிறகு ஒரு வருடம் தவணை கிடையாது. ஆனால் தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று அர்த்தம் இல்லை. இதை எத்தனை அப்பாக்களுக்கு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. முழுப் பணமும் ஆரம்பத்திலேயே எடுத்தால் இரண்டு வருடத்துக்குச் சுமார் 5.25 லட்சம் வட்டி அசலோடு சேரும். 30.25 லட்சத்தைப் பத்து வருடத்தில் கட்ட மாதம் 40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். அந்த இரண்டு வருடமும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் தவணை 34,000 ரூபாய்க்குள் நிற்கும். பார்ட் டைமில் 200 பவுண்டு மிஞ்சினால் அதைப் போட வேண்டிய இடம் இந்த வட்டிதான். ஃபீஸுக்கு அது எந்த மூலைக்கு?

வட்டிக்கு வருமான வரிவிலக்கு உண்டு, எட்டு வருடம் வரை. பழைய வரி முறையில் இருந்தால்தான்.

தோப்பை விற்பதா வேண்டாமா என்பது குடும்ப விஷயம், அதற்குள் நான் வரவில்லை.

லாஸ்பேட்டை அக்கா
நான் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் முடித்து இங்கேயே வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வியில் எல்லோரும் எந்த நாட்டில் பார்ட் டைம் நன்றாகக் கிடைக்கும் என்று பார்க்கிறார்கள். நான் ஒரு தடவை உட்கார்ந்து எல்லா நாட்டையும் மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் வாரம் 20, வருடம் முழுக்கச் செய்தால் 1,040 மணி. பிரான்சில் வருடத்துக்கு 964 மணி. ஜெர்மனியில் 2024 மார்ச்சில் இருந்து வருடம் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், அரை நாள் என்றால் நாலு மணி நேரம், ஆக 1,120 மணி. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48, கனடாவில் 2024 நவம்பரில் இருந்து வாரம் 24, இரண்டுமே வருடத்துக்கு 1,250 பக்கம் வரும், விடுமுறையில் கொஞ்சம் கூடும். அதாவது எங்கே போனாலும் சட்டம் நமக்குக் கொடுப்பது ஆயிரம் மணி நேரம், முன்னே பின்னே. ஐரோப்பாவில் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 2025-இல் ஜெர்மனியில் 12.82 யூரோ, பிரான்சில் பிடித்தம் போவதற்கு முன் 11.88. இந்த ஆயிரம் மணி நேரம் எல்லா ஊரிலும் ஒரு ஆளின் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போகும். மாறுவது ஃபீஸ் மட்டும்தான். உனக்கு 16,500 பவுண்டு. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸே கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சின்னத் தொகை, அதிலும் பல ஊர்களில் பஸ், ரயில் பாஸ் சேர்ந்து வந்துவிடும். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் இப்போது வாங்குகிறது.

எனவே நாட்டை ஃபீஸைப் பார்த்துத் தேர்ந்தெடு. பார்ட் டைமைப் பார்த்து அல்ல.

இங்கேயும் எல்லாம் இனிப்பு இல்லை. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட் என்ற முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், 12 லட்சம் ரூபாய் சொச்சம், அதை மாதம் 992 யூரோவாகத்தான் எடுக்க முடியும். ஆனால் அது உன் பணம், உனக்கே வரும். ஜெர்மன் தெரியாமல் கடையில், கஃபேயில் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. எனக்குக் கிடைத்தது பேராசிரியரின் லேபில் உதவியாளர் வேலை, ஹீவி என்பார்கள், அது அந்த 140 நாள் கணக்கில் பொதுவாகச் சேராது. கம்பெனியில் வெர்க்ஸ்டூடன்ட் வேலை கிடைத்தால் சம்பளமும் நன்றாக இருக்கும், படிப்புக்குத் தொடர்பாகவும் இருக்கும். மெக்கானிக்கல் பையனுக்கு அதில் இடம் உண்டு, ஆனால் பி1 என்ற நடுத்தர நிலை அளவுக்காவது ஜெர்மன் வேண்டும். ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள், எல்லோருக்கும் ஜனவரியில் விமானம் ஏற வேண்டும்.

முத்தியால்பேட்டை மாமா
அக்கா சொன்னதில் பிரான்ஸ் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். புதுச்சேரி ஆட்கள் நிறைய பேர் படிப்பதால் இது தனியாகச் சொல்ல வேண்டியது.

நம் ஊரில் எல்லோருக்கும் பாரிஸில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள், புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962-இல் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்துக்கொண்டே எவ்வளவு வேண்டுமானாலும் வேலை செய்யலாம், அவர்களுக்கு இந்த 964 மணி நேரமே கிடையாது. விடுமுறைக்கு வந்து பீச் ரோட்டில் நின்றுகொண்டு "அங்கே வேலை நிறைய கிடைக்குது, நீ வா" என்று சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டில் போகும் உங்களுக்கு அது பொருந்தாது. போன வருடம் என் அக்கா மகனுக்கு இதைப் புரிய வைக்கவே பெரும்பாடாகிவிட்டது.

964-இல் ஒரு வசதி இருக்கிறது. அது வருடக் கணக்கு. பரீட்சை நேரத்தில் குறைத்துக்கொண்டு ஜூலை, ஆகஸ்டில் முழு நேரம் செய்யலாம். செப்டம்பர் வாக்கில் திராட்சை அறுவடைக்குப் போகிறவர்களும் உண்டு, முதுகு ஒடியும், ஆனால் காசு மொத்தமாக வரும். படிப்பின் ஒரு பகுதியாக வரும் இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் சேராது. 2025 கணக்கில் கையில் நிற்பது மணிக்கு 9.40 பக்கம், 964 மணியும் முழுதாகச் செய்தால் மாதம் சராசரி 750 யூரோ. 2025-இல் வாடகைக்கு அரசு உதவி ஒன்று இருந்தது, காஃப் என்ற அலுவலகம் தந்தது, விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு புலம்பினார்கள். மாணவர் உணவகத்தில் முழுச் சாப்பாடு 2025-இல் 3.30 யூரோ. போய் இறங்கியதும் மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் பதிவு செய்துவிட வேண்டும், அதைச் செய்யவில்லை என்றால் வேலை என்ன, தங்குவதே பிரச்சினை.

மொழி இல்லாமல் போனால் பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் பாத்திரம் கழுவும் வேலையைத் தாண்டி வர முடியாது. அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை, நானும் சமையல்கட்டில் நின்றவன்தான். ஆனால் அங்கே பத்து மணி நேரமும் தமிழிலேயே போய்விடும், இரண்டு வருடம் கழித்தும் பிரெஞ்சு வராது, படித்த படிப்புக்கு வேலை தேடும்போது அது இடிக்கும். பேக்கரியில், சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் நின்றவர்களுக்கு ஆறே மாதத்தில் நாக்கு திரும்பிவிடும். பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரி சுஃப்ரேன் வீதியில்தான் இருக்கிறது, கடலூரில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

நெல்லிக்குப்பம் எக்ஸ்பிரஸ்
சரி, ஒப்புக்கொள்கிறேன், ஜெர்மனி ஃபீஸ் குறைவு. ஆனால் இங்கிலாந்தில் இங்கிலீஷ் போதும், படிப்பு ஒரே வருடம், முடித்ததும் இரண்டு வருடம் வேலை தேட விசா. அந்த இரண்டு வருடத்தில் முழு நேரம் சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாமே? அதைக் கணக்கில் எடுக்காமல் பேசுகிறீர்கள்.

ஈஸ்ட்ஹாம் கடலூரான்
நல்ல கேள்வி. படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா 2025-இல் இரண்டு வருடம்தான், அதை 18 மாதமாகக் குறைக்கப் போவதாக 2025 மே மாதம் வந்த அரசு அறிக்கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு தங்க வேண்டுமானால் ஸ்கில்டு வொர்க்கர் விசா. அதற்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பு 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரிக்கு 33,400. கேர் ஹோமில் சேர்ந்தால் ஸ்பான்சர் கிடைக்கும் என்று கன்சல்டன்ட் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் பழைய காலண்டரைப் பார்க்கிறார், வெளிநாட்டில் இருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை அதே ஜூலை 22-இல் நிறுத்திவிட்டார்கள், ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கு மட்டும் 2028 வரை ஒரு குறுகிய வழி விட்டிருக்கிறார்கள்.

இரண்டு வருடத்தில் நல்ல வேலைக்குப் போனவர்கள் உண்டு. நானே ஒரு சாட்சி. யார் போனார்கள் என்று பார்த்தால், படிக்கும்போது வாரம் 12, 15 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு ப்ராஜெக்டையும் இன்டர்வியூவையும் பார்த்தவர்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு காலை வகுப்பில் தூங்கினவர்கள் படிப்பு முடிந்த பிறகும் அதே வேர்ஹவுஸில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பார்ட் டைம் தேடும் நேரத்தில் வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் "உன் பேங்க் அக்கவுன்ட்டில் கொஞ்சம் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் கமிஷன்" என்று வரும். அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வேலை. மாட்டினால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் பெயர் ஏறி ஆறு வருடம் நிற்கும், பேங்க் கணக்கு திறக்கவே திண்டாட வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டாலும் அப்படியே ஓடிவிடு.

பாகூர் அம்மா
நான் படிப்பவள் இல்லை, படிக்கிற பெண்ணின் அம்மா. மகள் மெல்போர்னில் இரண்டாம் வருடம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

போன புதிதில் நம் ஆட்கள் நடத்தும் ஒரு ஓட்டலில் சேர்ந்தாள். மணிக்கு 12 டாலர், கையில். எங்களுக்கு அது ரூபாயில் பார்த்தால் பெரிய பணமாகத் தெரிந்தது, ஒரு மணி நேரத்துக்கு 650 ரூபாய்க்கு மேல் என்று அவள் அப்பா கடைத்தெருவில் எல்லோரிடமும் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அங்கே சட்டப்படி கொடுக்க வேண்டியது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். 2025 ஜூலைக் கணக்கில் 24.95 டாலர், நிரந்தரம் இல்லாத கேஷுவல் ஆளுக்கு அதற்கு மேல் 25 சதவீதம் சேர்த்து. ஓய்வுக்காலப் பணம் என்று 12 சதவீதம் தனியாகப் போட வேண்டுமாம், படிப்பு முடித்து ஊர் திரும்பும்போது வரி போக அதையும் வாங்கிக்கொள்ளலாமாம்.

அவள் ஷிஃப்ட் பட்டியலைத் தினமும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஃபேர் வொர்க் என்ற அரசு அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தாள். புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்று அந்த ஓட்டல்காரர் மிரட்டியிருக்கிறார், ஆனால் சுரண்டலைப் புகார் செய்யும் மாணவர்களின் விசாவைப் பொதுவாக ரத்து செய்வதில்லை என்று அந்த அலுவலகத்துக்கும் விசாத் துறைக்கும் ஒரு ஏற்பாடே இருக்கிறது. பாக்கியில் ஒரு பகுதி வந்தது. முழுதும் வரவில்லை.

நான் சொல்ல வந்தது பெற்றவர்களுக்கு. பிள்ளை போன மறு மாதமே "எவ்வளவு அனுப்புவாய்" என்று கேட்காதீர்கள். அவள் மூன்று வேளையும் பிரெட் சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு 15,000 அனுப்பியிருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அவள் அப்பா ஒரு வாரம் கடைக்கே போகவில்லை.

வில்லியனூர்க்காரன்
அமெரிக்கா பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக: எஃப்1 என்ற மாணவர் விசாவில் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி. லைப்ரரி, மெஸ், லேப் இப்படி. வெளியே பெட்ரோல் பங்கில், கடையில் கையில் காசு வாங்கி வேலை செய்வது அனுமதி இல்லாத வேலை, ஸ்டேட்டஸே போய்விடும். சிபிடி, ஓபிடி என்ற வேலை அனுமதிகள் எல்லாம் படிப்போடு தொடர்புள்ள வேலைக்கு. இப்போது இருக்கும் நிலைமையில் இதில் விளையாட வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தான்
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஈஸ்ட்ஹாம் அண்ணா, ஒரு சந்தேகம். விடுமுறையில் முழு நேரம் வேலை செய்யலாம் என்கிறார்களே, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதம் முழு நேரம் செய்தால் ஒரு தவணை தேறாதா? கன்சல்டன்ட் அதைத்தான் இப்போது புதிதாகச் சொல்கிறார்.

ஈஸ்ட்ஹாம் கடலூரான்
இது முதுகலைக்காரர்கள் எல்லோரையும் தடுக்கி விழ வைக்கும் இடம். கோடை விடுமுறை என்பது இளநிலை மாணவர்களுக்கு. ஒரு வருட மாஸ்டர்ஸில் கோடையில் பாடமோ டிசர்டேஷன் என்ற ஆய்வறிக்கையோ ஓடிக்கொண்டிருக்கும், அது படிப்புக் காலம்தான், 20 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் வாரங்கள்தான் உனக்கு விடுமுறை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு நீயே மெயில் போடு: ஜனவரி இன்டேக்குக்கு டெர்ம் தேதிகள் எவை, கோடையில் எத்தனை மணி நேரம் அனுமதி, எழுத்தில் தாருங்கள் என்று கேள். கன்சல்டன்ட் மூலமாகக் கேட்காதே. உன்னிடம் அவர் காசு வாங்கவில்லை என்றால், நீ ஃபீஸ் கட்டிச் சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் தருகிறது என்று பொருள்.

மஞ்சக்குப்பத்தான்
மெயில் போட்டேன், மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. அண்ணா சொன்னதேதான், ஜூன் முதல் செப்டம்பர் வரை படிப்புக் காலம், வாரம் 20. கன்சல்டன்ட்டிடம் காட்டினேன். "அதெல்லாம் அங்கே யாரும் பார்க்க மாட்டாங்க தம்பி" என்றார். டெபாசிட் கட்டவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் அவரிடம் இருக்கின்றன, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவிடம் பேசினேன். இரண்டு வருடம் பொறுப்பதாக இருந்தால் தோப்பைத் தொட வேண்டாம், வருகிற முந்திரிப் பருவமும் என் சம்பளமும் சேர்ந்து பாதி தேறும் என்கிறார். ஜெர்மன் வகுப்புக்குக் கடலூரில் யாராவது நல்ல இடம் சொல்லுங்கள். லாஸ்பேட்டை அக்கா, ஏபிஎஸ் என்று ஏதோ சர்டிபிகேட் வேண்டும் என்கிறார்களே, அதை எப்போது தொடங்க வேண்டும்?

லாஸ்பேட்டை அக்கா
இப்போதே தொடங்கு. இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பரில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம், 18,000 ரூபாய், உன் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தருவார்கள், கூட்டம் அதிகமான மாதங்களில் இழுத்துக்கொண்டே போகும். குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி, சில இடங்களில் மார்ச்சிலேயே மூடிவிடுகிறார்கள், ஒவ்வொரு படிப்பின் பக்கத்தையும் தனித்தனியாகப் பார். செமஸ்டர் வாரியான எல்லா மார்க் ஷீட்டும் வேண்டும், ஒன்று தொலைந்திருந்தாலும் கல்லூரியில் இப்போதே நகல் கேள், அதற்குத்தான் அதிக நாள் ஆகும்.

திங்கட்கிழமை போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. முதலில் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள், மற்ற பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்.

பழைய பேங்க்காரர்
கடலூரில் மொழி வகுப்பு விசாரித்துச் சொல்கிறேன். சம்பளத்தில் சேர்ப்பதை ரெக்கரிங் டெபாசிட்டாக அப்பா பெயரில் இல்லாமல் உங்கள் பெயரிலேயே போடுங்கள், நாளை பிளாக்டு அக்கவுன்ட்டுக்குப் பணம் அனுப்பும்போது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதுவே பதில்.